திருப்பிக் கேட்டவனுக்கு

பச்சை மல்லாட்டை வேகிற வாசனை. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் காலை வைத்ததும் அதுதான் முதலில் வந்து மூக்கில் ஏறியது. தள்ளுவண்டிக்காரர் குண்டான் மூடியைத் திறந்தார். உப்பும் மண்ணும் ஈரக் கடலைத்தோலும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது. லீவில் வந்திருக்கிறேன். வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, நாளைக்கு நிதானமாக உங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் வந்தேன். அந்த ஆவி பட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். எங்கம்மா போனில் திட்டியது தனிக்கதை.

வடக்கே நாம் விமானம் ஓட்டப் படித்த ஊர் ஞாபகம் வந்தது. ஹாஸ்டலில் உன் கட்டிலுக்கு அடியில் எப்போதும் ஒரு கோணிப்பை மல்லாட்டை இருக்கும். உங்கள் நிலத்தில் விளைந்தது. டீக்கு வெந்நீர் வைக்கிற கெட்டிலில் அதைப் போட்டு வேகவைப்பாய். வார்டன் வந்து இந்தியில் கத்துவார். நீ என்னைக் கேட்பாய்.

"இன்னா சொல்றாரு மச்சான்?"

"கெட்டில் ரிப்பேர் ஆச்சுன்னா உன்ன அதுல போட்டு வேகவைப்பாராம்."

"வெந்ததும் அவருக்கும் ரெண்டு கை குடுடா. வாய மூடிக்குவாரு."

மூடிக்கொண்டார். பிறகு அவரே கெட்டிலைத் தேடி வர ஆரம்பித்தார்.

இதையெல்லாம் நினைத்துச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று நினைக்காதே. எனக்கு வயிறு எரிகிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன். உன்னிடம் வந்து சேராது என்று தெரியும். இருந்தாலும் வேறு யாரிடம் சொல்வது? இந்த எரிச்சல் முழுசாகப் புரியக்கூடிய ஆள் நீ ஒருத்தன்தான்.

உங்கப்பா வாசலில் காயப்போட்ட மல்லாட்டையைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாப்பா. டிரஸ் போட்டுக்கினு வரலியா?" என்றார். விமானி உடையைக் கேட்கிறார். "லீவுலப்பா," என்றேன். உங்கம்மா மோர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்கள். என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போகும்போது அங்கே பட்டை இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நான் குனிந்து மோரைக் குடித்தேன்.

போன மழைக்காலத்தில் நீ போனபோது ஓடி வந்தேன். அப்போது கூட்டம், அழுகை, யாரோடும் எதுவும் பேச முடியவில்லை. இப்போதாவது உட்கார்ந்து பேசலாம் என்றால், அதற்குள் உங்க சித்தப்பா வந்து சேர்ந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை.

"மனசு ஒடஞ்சிதாம்பா போய்ட்டான். மூளை கம்மினு அந்தக் கம்பெனிக்காரன் எழுதி அனுப்பினான் பாரு, அதுல ஆரம்பிச்சது."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "டெங்குல போனான் சித்தப்பா. ரத்தத்துல தட்டணு கொறஞ்சிபோச்சு. மனசு ஒடஞ்சா தட்டணு கொறையாது."

"நீ படிச்ச புள்ள, உனக்கு எல்லாம் தெரியும். ஊர்ல சொல்றத சொன்னேன்," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். ஊரில் சொல்கிறார்களாம். ஒரு கொசு செய்த வேலையை உன் மூளைமேல் போட்டு, கதையை முடித்து வைத்துவிட்டார்கள்.

அவர் போனபிறகு உங்கப்பா துழாவுவதை நிறுத்தினார். "அவன வுடு. நீ சொல்லு. ரெண்டு பேரும் ஒண்ணாதான் படிச்சீங்க, ஒண்ணாதான் போய் எழுதினீங்க. ஒரே பரிட்சை. உன்ன எடுத்துக்கினான், அவன எடுக்கல. எதுனா இருந்தா மறைக்காம சொல்லு. எம் பையனுக்கு மூளை கம்மியா?"

நீ போன துக்கம் அவர் முகத்தில் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் இது இருந்திருக்கிறது. இத்தனை மாதமாக, மல்லாட்டை பிடுங்கும்போதும் காயவைக்கும்போதும், மகனுக்கு மூளை பத்தவில்லையோ என்று ஒரு மனுஷன் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். இதற்குக் காரணம் அந்த விமானக் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு மெயில். உன் திறன் தேவையான அளவை எட்டவில்லை, குறிப்பிட்ட காலத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது, வாழ்த்துகள். அவ்வளவுதான். எந்தப் பகுதியில் எட்டவில்லை? எவ்வளவு குறைந்தது? ஒன்றும் கிடையாது. தெருவில் ஒரு வண்டியை போலீஸ் நிறுத்தினால்கூட என்ன தப்பு என்று சொல்லித்தான் அபராதம் போடுகிறார்கள்.

அந்தப் பரிட்சை நடந்த நாளை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், கேள். கண்ணாடிக் கட்டடம். வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், நடுவில் அட்டைத் தடுப்பு. நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. வலது கையில் ஜாய்ஸ்டிக். திரையில் ஓடிக்கொண்டே இருக்கும் புள்ளியை வட்டத்துக்குள் பிடித்து வைக்க வேண்டும். காதில் ஹெட்போன்; ஒரு பெண் குரல் திசை, உயரம், வேகம் என்று சொல்லிக்கொண்டே போகும்; கேட்டதை இடது கையால் கீபோர்டில் தட்ட வேண்டும். நடுவில் மனக்கணக்கு. போகப்போக எல்லாமே வேகமாகும். உள்ளே போவதற்கு முன்பே ஒரு சீனியர் நம் இருவருக்கும் சொல்லியிருந்தான்: "கேக்கலன்னா ஏதாச்சும் ஒரு நம்பர அடிச்சி வுட்டுடு. காலியா மட்டும் வெக்காத."

பாதியில் உன் குரல் கேட்டது. என் ஹெட்போனைத் தாண்டிக் கேட்டது. தெளிவாக, பதற்றமில்லாமல், "ஸே அகெய்ன்."

விமான நிலையத்து டவரிலிருந்து சொன்னது காதில் விழவில்லை என்றால் விமானி சொல்ல வேண்டிய வார்த்தை அது. திருப்பிச் சொல்லுங்கள். ஓட்டப் படிக்கிற முதல் வாரத்திலேயே நம் வாயில் ஏற்றிவிட்டார்கள். கேட்காததைக் கேட்டதுபோல் நடிக்காதே, உயிர் போகும் என்று சொல்லிச் சொல்லி ஏற்றினார்கள். அது உன்னிடம் நாக்கைத் தாண்டி எலும்பு வரை இறங்கியிருந்தது. கம்ப்யூட்டரிடம் கேட்டுவிட்டு, பதில் வரும் என்று காத்திருந்தாய். கம்ப்யூட்டர் எங்கே திருப்பிச் சொல்லப்போகிறது? அது பாட்டுக்கு அடுத்ததற்குப் போய்விட்டது. ஹால் முழுக்கச் சிரிப்பு. கண்காணிப்பாளர் ஓடிவந்து, பேசக்கூடாது என்று உன் மேஜையைத் தட்டினார். நீ சுதாரித்துத் திரையைப் பார்ப்பதற்குள் புள்ளி வட்டத்தை விட்டு ஓடியிருக்கும், விடைப் பெட்டிகள் காலியாகப் போயிருக்கும்.

வெளியே வந்து நீ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. "அந்தப் பொம்பள குரலுக்கு டவர்ல இருக்கறவங்களே தேவல மச்சான். அவங்க திட்டினாலும் திருப்பிச் சொல்லுவாங்க."

எனக்கும் சில இடங்களில் காதில் விழவில்லை. சீனியர் சொன்னபடி வாய்க்கு வந்ததைத் தட்டினேன். என்னை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பரிட்சையின் லட்சணத்துக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

பரிட்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையும் கண்ணும் காதும் ஒரே நேரத்தில் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கத்தான் வேண்டும். மேலே போனால் அத்தனையும் ஒன்றாகத்தான் வந்து விழும். பார்க்கட்டும். ஆனால் ஒரு விமானி தினம் தினம் செய்கிற வேலை, தன் காதைத் தானே சந்தேகப்பட்டுத் திருப்பிக் கேட்பது. அதற்கு அந்தக் கீபோர்டில் ஒரு பட்டன் கிடையாது. கேட்காததற்கு ஒரு நம்பர் அடித்தவனுக்கு நல்ல மார்க். கேட்கவில்லை என்று ஒத்துக்கொண்டவனுக்கு முட்டை. இதை உட்கார்ந்து யோசித்துச் செய்த ஆள் ஒருநாளாவது சின்ன விமானத்தில் ஏறி டவரோடு பேசியிருப்பானா?

இதையெல்லாம் உங்கப்பாவிடம் சொன்னேன். அவசரமாகத்தான் சொன்னேன், என் பேச்சு உனக்குத் தெரியுமே. அவர் முழுசாகக் கேட்டார். அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். அவர் திடீரென்று உன்மேல் பாய்ந்தார்.

"தெரிலன்னா எதுனா ஒண்ண அடிச்சி வுட்டிருக்கலாம் இல்ல? நீ அடிச்ச. உன்ன எடுத்துக்கினான். இவன் எதுக்கு வாயப் பாத்துக்கினு ஒக்காந்தான்?"

"நீங்களும் அதையே சொல்றீங்களாப்பா?" கத்திவிட்டேன். எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

உங்கம்மா மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார்கள். "அவன் சின்னதுலயே அப்டிதான்," என்றார்கள். "கடைக்கி அனுப்பினா முக்கு வரிக்கும் போய்ட்டு ரெண்டு தபா திரும்பி வருவான். உளுந்தா, உளுந்தம்பருப்பா? முழுசா, ஒடச்சதானு. நான் அடிக்கக்கூட போயிருக்கேன். ஆனா ஒரு நாளும் தப்பா வாங்கியாந்தது இல்ல."

"அதான் பரிட்சைலயும் போய்க் கேட்டுக்கினு இருந்திருக்கான்," என்றார் உங்கப்பா. கோபம் போகவில்லை. ஆனால் குரல் உடைந்திருந்தது. மல்லாட்டையைக் காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு என்னைக் கேட்டார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவன் ஓட்ற பிளைன்ல நீ ஏறுவியா?"

"ஏறியிருக்கேன்பா."

அந்தச் சாயங்காலத்தைச் சொன்னேன். சின்ன விமானம். இடது பக்கம் நீ ஓட்டுகிறாய், வலது பக்கம் சொல்லிக்கொடுக்கிறவர், பின் சீட்டில் நான். உயரத்தைக் குறைத்து இறங்கச் சொல்லி டவரிலிருந்து உத்தரவு வந்தது. இரைச்சலில் பாதிதான் கேட்டது. நீ திருப்பிக் கேட்டாய். மறுபடியும் இரைச்சல். "நமக்குத்தான், இறங்கு," என்று பக்கத்திலிருந்தவர் அவசரப்படுத்தினார். நீ இறக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டாய். டவரில் இருந்தவர், தூங்குகிறாயா என்று எரிந்து விழுந்துவிட்டு, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அந்த உத்தரவு நமக்கில்லை. நம் பள்ளியின் இன்னொரு விமானத்துக்கு. இரண்டு விமானத்தின் பேரிலும் கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. அவசரப்பட்டு நாம் இறங்கியிருந்தால் போயிருக்கக்கூடிய உயரத்தில், நமக்குக் கீழே, வேறு ஒருவன் வந்துகொண்டிருந்தான். அவனுடைய வெள்ளை றெக்கை நம் சக்கரத்துக்கு அடியில் நழுவிப் போவதை நான் பின் சீட்டிலிருந்து பார்த்தேன். தரைக்கு வந்ததும் சொல்லிக்கொடுக்கிறவர் உன்னைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனார். டீ வாங்கிக் கொடுத்தார். நீ, "சர்க்கரை கம்மியா இருக்கு மச்சான்," என்று என்னிடம் முணுமுணுத்தாய்.

"அன்னிக்கி அவன் ஒண்ண அடிச்சி வுட்டிருந்தா, இன்னிக்கி நான் இங்க ஒக்காந்து மோர் குடிக்க மாட்டேன்பா."

உங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். உங்கப்பா கேட்டார்: "இது அந்த எழுதி அனுப்பினவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஏன் தெரியாது?"

"அவங்க கேக்கலப்பா."

"அவன் கேக்கலன்னா? நீ அங்கதான வேல செய்ற? போய்ச் சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேலைக்குச் சேர்ந்து நான் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இந்த நேரத்தில் ஆள் எடுக்கிற பிரிவில் போய் நின்று, உங்கள் பரிட்சை கோணல், நான் குருட்டாம்போக்கில் தட்டித்தான் உள்ளே வந்தேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கொல்லைப் பக்கம் போய், கூட வேலை செய்கிற ஒருத்தனுக்கு போன் போட்டேன். "லூசாடா நீ? செத்துப்போனவனுக்கு வேலையா வாங்கித் தரப்போற? உன் வேலைய காப்பாத்திக்கோ," என்றான். அவன் சொல்வதில் தப்பில்லை. உனக்கு இனிமேல் அவர்கள் எதுவும் செய்ய முடியாது.

ஆனால் உனக்கு அடுத்து வருகிறவன் இருக்கிறான். எந்த ஊரிலிருந்தோ வந்து அந்த ஹாலில் உட்கார்ந்து, காதில் விழாததை விழவில்லை என்று சொல்லப்போகிறவன். அவன் வீட்டிலும் ஒரு அப்பா இருப்பார். லீவு முடிந்ததும் போகிறேன் என்று உங்கப்பாவிடம் சொல்லிவிட்டேன். பெரிசாக ஒன்றும் கேட்கப்போவதில்லை. கேட்கவில்லை என்பதற்கு ஒரு பட்டன் வையுங்கள். வேண்டாம் என்று அனுப்புகிறவனுக்கு எதில் குறைந்தது என்று சொல்லுங்கள். இந்த இரண்டு கேட்டதற்கு வேலை போனால், போகட்டும். போகாது என்றுதான் நினைக்கிறேன். உள்ளுக்குள் பயமாகவும் இருக்கிறது. உன்னிடம் சொல்வதற்கு என்ன.

கிளம்பும்போது உங்கப்பா பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். பஸ் வந்து நான் ஏறியபிறகு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்: "யாரோ ஒரு பையன்னு சொல்லாத. அவன் பேரச் சொல்லு. பைலட்டுனு சேத்துச் சொல்லு."

வண்டி திருவண்ணாமலை வந்து சேரும் வரை அதைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். இந்த மடலில் உன் பேரை ஒரு இடத்திலும் எழுதவில்லை, பார். அங்கே போய்ச் சொல்வதற்காக வைத்திருக்கிறேன்.