அந்த ஆளு எப்டி கீறாரு?

முப்பத்தெட்டு வயதிலும் என்னைப் பாப்பா என்றே கூப்பிட்ட என் அண்ணே,

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணி நன்றாக இருக்கிறார் என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய். உன் பைக்கை விற்கவும் விடுவதில்லை, யாரையும் ஓட்டவும் விடுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் பாரிவாக்கத்தில் உன் வீட்டுக்குப் போனபோது அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்க் காலி மனையிலும் வீடு எழும்பிவிட்டது. வாசலில் தண்ணீர் டிரம் மட்டும் அதே இடத்தில், இறுக்கிக் கட்டிய துணியோடு இருக்கிறது. எப்போது வந்தாலும், கொசுப்புழு இருக்கிறதா என்று நான் முதலில் எட்டிப் பார்ப்பது அதைத்தான். நீ உடனே உள்ளே பார்த்துக் கத்துவாய், “செல்வி, மேடம் ரெய்டுக்கு வந்துட்டாங்க, டிரம்ம மூடினியா?” என்று. இப்போது எட்டிப் பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இந்தக் கடிதத்தைப் பலமுறை தொடங்கி மூடி வைத்துவிட்டேன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணியிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

என் வேலை என்னவென்று உன்னால் யாருக்கும் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. பாடியில் இருக்கும் ஃபேக்டரியில் உன்னோடு லேத் மெஷினில் நின்றவர்களிடம் “என் தங்கச்சி பூச்சி வளக்குது” என்றுதான் சொல்லி வைத்திருந்தாய். துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவர், நான் பட்டுப்பூச்சிப் பண்ணை நடத்துவதாக நினைத்து, லாபம் வருகிறதா என்று விசாரித்தார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அண்ணே. சிரித்துவிட்டு உன்னைத் தேடினேன்.

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை, காய்ச்சல்காரர்களின் ரத்தம் சின்னக் குழாய்களில் எங்கள் ஆய்வகத்துக்கு வரும். டெங்கு வைரஸ் இருக்கிறதா, எந்த வகை, எந்தப் பக்கம் பரவுகிறது என்று பார்ப்போம். குழாயில் பேர் இருக்காது. ஓர் எண், வயது, ஆணா பெண்ணா, எத்தனையாவது நாள் காய்ச்சல், அவ்வளவுதான். முடிவுகளை வாரம் ஒருமுறை மொத்தமாகக் கிளினிக்குகளுக்கு அனுப்புவோம். பேர் தெரியாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்று நானே பலருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.

மழை விட்ட அந்த வாரம் ஒரு குழாய் வந்தது. ஆண், நாற்பத்து நான்கு வயது, மூன்றாம் நாள் காய்ச்சல். இயந்திரத்தில் வைத்துச் சற்று நேரத்திலேயே திரையில் கோடு விறுவிறுவென்று ஏறிவிட்டது. அவ்வளவு சீக்கிரம் ஏறினால் அந்த ரத்தத்தில் வைரஸ் ஏராளம் என்று அர்த்தம். ஆராய்ச்சிக்காக வளர்க்கத் தோதான ஒரு மாதிரி கிடைக்காதா என்று மாதக்கணக்கில் காத்துக் கிடந்தோம். நான் கைதட்டினேன். ஆமாம் அண்ணே, கைதட்டினேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து உனக்குத்தான் போன் போட்டேன். நல்லது நடந்தால் உன்னிடம்தானே பீற்றிக்கொள்வேன்?

“இன்னா பாப்பா, பூச்சிங்கல்லாம் சவுக்கியமா கீதா?” என்றாய். குரல் கம்மியிருந்தது.

“தொண்டை இன்னாண்ணே இப்டி கீது?”

“ஃபேக்டரி தூசு. நீ சொல்லு.”

“இன்னிக்கு ஒரு சூப்பர் சாம்பிள் வந்துச்சுண்ணே. எவ்ளோ நாளா இதுக்குத்தான் பாத்துகினு இருந்தோம் தெரியுமா?”

நீ தொண்டையைச் செருமிக்கொண்டாய். பிறகு கேட்டாய், “அந்த ஆளு எப்டி கீறாரு?”

“எந்த ஆளு?”

“ரத்தம் குடுத்த ஆளுதான்.”

“அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுண்ணே. நம்பர் மட்டும்தான் வரும்.”

“பாவம், யாரு பெத்த புள்ளையோ. கேட்டு சொல்லேன் பாப்பா.”

“கேக்கறேன், கேக்கறேன்” என்றேன். என் ஸ்டாப் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

நான் கேட்கவில்லை.

நீ என்னிடம் மறைத்த காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. குளித்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனாய். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் பொல்லாத நேரம். உடம்பு தேறியதுபோல் இருக்கும். உள்ளே ரத்தக் குழாய்கள் கசிந்து ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும். இதைப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். நீ லேத்துக்குப் பக்கத்திலேயே சரிந்தாய். எனக்குப் போன் வந்தபோது உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் வந்து சேர்ந்த பிறகு நீ கண் திறக்கவே இல்லை.

“ஒன்னாண்ட சொல்லலாம்னுதான் நானும் சொன்னேன்” என்று அண்ணி அழுதார். “பாப்பா ஏதோ பெரிய வேலையில கீது, நீ ஒண்ணும் கொழப்பாதன்னுட்டாரு.”

என் பெரிய வேலை!

காரியம் முடிந்த பிறகு, அண்ணி உன் ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். ஃபேக்டரிக்கு எதிரே இருக்கும் கிளினிக்கின் சீட்டும் அதில் இருந்தது. காய்ச்சலின் மூன்றாம் நாள் நீ அங்கே ரத்தம் கொடுத்திருக்கிறாய். சீட்டின் மூலையில் எங்கள் ஆய்வகத்தின் ஸ்டிக்கர். அதிலிருந்த எண்ணை நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. எனக்கு அது அதற்குள் மனப்பாடம்.

நீ தெரிந்துதான் கேட்டாயா, அண்ணே? ரத்தம் எங்கே போகிறதென்று உன்னிடம் யாராவது சொல்லியிருந்தார்களா? பயந்துபோய், என்னிடம் நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு, வேறு யாரையோ கேட்பதுபோல் கேட்டாயா? அல்லது எப்போதும்போல ஊரில் எவனோ ஒருவனுக்காக வருத்தப்பட்டாயா? எது என்று தெரிந்தால் எனக்குத் தூக்கம் வருமோ என்னவோ.

கிளினிக்குக்கு ஒரு போன். எண்ணைச் சொல்லி, எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தால் அங்கே இருக்கும் நர்ஸ் உன் நம்பரைத் தேடிக் கூப்பிட்டிருப்பார். வேலைக்குப் போகாதீங்க, உடனே வாங்க என்று சொல்லியிருப்பார். இரண்டு நிமிஷ வேலை. அந்த வாரத்து முடிவுகள் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது உன்னை எரித்து மூன்று நாள் ஆகியிருந்தது.

உன்னிடமிருந்து வந்த வைரஸ் எங்கள் உறைபெட்டியில் இருக்கிறது. எடுத்து வளர்த்தால் நன்றாக வளர்கிறது. வேறு ஆய்வகங்களும் கேட்டு வாங்கிப் போகின்றன. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் வேறு யாரையும் உன் ரத்தம் வந்த அந்தக் குழாயைத் தொட விடுவதில்லை. அண்ணியை பைக் விஷயத்தில் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

இப்போது ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். டெங்கு என்று தெரிந்தால் அன்றைக்கே கிளினிக்கைக் கூப்பிடுகிறோம். எங்கள் தலைவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. “நாம ஆராய்ச்சி பண்றோம்மா, ஆஸ்பத்திரி நடத்தல” என்றார். “நானும் இப்படித்தான் சார் சொல்லிட்டிருந்தேன்” என்றேன். “சரிம்மா, கூப்பிடுங்க” என்றார். எங்கள் பதிவேட்டில் கடைசியாக ஒரு கட்டம் சேர்த்தோம். அதன் தலைப்பு, ‘எப்படி இருக்கிறார்?’

போன மாதம் ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ டிரைவர் ஒருவரின் ரத்தம் வந்தது. எங்களிடமிருந்து போன் போனதும் நர்ஸ் அவரைக் கூப்பிட்டிருக்கிறார். காய்ச்சல் விட்டுவிட்டது என்று காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாராம். நர்ஸ் திட்டாத குறையாக வரவழைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அடுத்த வாரம் அந்த நர்ஸே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், “மேடம், அந்த டிரைவர் நல்லா கீறாராம். டூட்டிக்குப் போய்ட்டாரு.”

நன்றி சொல்லி வைத்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த ஆள் பிழைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து அதைச் சொல்ல எனக்கு யார் இருக்கிறார்கள்?

பழைய பக்கங்களிலும் அந்தக் கட்டத்தை ஒவ்வொன்றாக நிரப்பி வருகிறோம். உன் எண்ணுக்கு நேரே மட்டும் காலியாக இருக்கிறது. பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். என்றைக்காவது எழுதிவிடுவேன். மற்றவர்களுடையதைக் காலியாக விடமாட்டேன், இது சத்தியம்.

இன்று மூன்று குழாய்கள். இரண்டு பேர் நன்றாக இருக்கிறார்கள். மூன்றாவது ஆள், ஆவடிக்காரர், இன்னும் போனை எடுக்கவில்லை. நர்ஸ் மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நானும் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

கேட்டுச் சொல்கிறேன், அண்ணே.

உன் தங்கச்சி,
பாப்பா