வாசல் நோட்டில் தங்கபாய்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
28-9-1937

என் அருமைத் தங்கத்துக்கு,

கிருபை எழுதுகிறேன். கர்த்தர் தயவில் உடம்புக்கு ஒன்றும் இல்லை. தொண்டைதான் கட்டிக் கிடக்கிறது. நாற்பத்திரண்டு பிள்ளைகளோடு தினம் வாய்ப்பாடு கத்தினால் வேறென்ன ஆகும். உன் வீட்டுக்காரர் ஞானதுரை அண்ணனும், படுக்கையில் இருக்கும் உன் அத்தையும், உன் மகளும் என் மருமகளுமான வேதமணியும் சுகந்தானே.

ராஜபாளையத்துக்கும் இந்த ஊருக்கும் ஏழே மைல். உன் முகத்தைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. அதுவும் சோழபுரத்துக் கலியாண வீட்டில், பந்திக்கும் கை கழுவுவதற்கும் நடுவே ஐந்து நிமிஷம். என்னை மறந்துவிட்டாய் என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீ நாலு பக்கம் சண்டை எழுதுவாய், ஆனால் வரமாட்டாய்.

மதுரையில் டிரெயினிங் படித்தபோது நீ போட்ட பட்டியல் இன்னும் என் சங்கீதப் புத்தகத்துக்குள் இருக்கிறது. கோவிலையும் மகாலையும் ஊரே பார்க்கிறது, நாம் ஒருத்தரும் எட்டிப் பார்க்காத இடமாகப் பார்ப்போம் என்று நீதானே ஆரம்பித்தாய். காலையில் போய் விடுதி மணிக்குள் திரும்புகிற தூரத்தில் ஏழு இடம். நாலு பார்ப்பதற்குள் உனக்குக் கலியாணம் வந்துவிட்டது. ஒருத்தியை விட்டு ஒருத்தி போகக்கூடாது என்று பேசிக்கொண்டோம். அதனால் மிச்சம் மூன்றையும் பதினோரு வருஷமாக நான் பார்க்காமலே வைத்திருக்கிறேன். கீழக்குயில்குடி, முத்துப்பட்டி, திருவேடகம்.

இப்போது இங்கே எங்கள் பள்ளிக்கூட விடுதிக்குப் புதிதாக ஏசம்மாள் அம்மா தலைவியாக வந்திருக்கிறார்கள். நல்லவர்கள், ஆனால் கண்டிப்பு. ஆசிரியைகள் ஊரைத் தாண்டினால் துணைக்கு ஒரு பெண் வேண்டுமாம். போகும் இடத்தையும் துணையின் பெயரையும் வாசல் நோட்டில் எழுத வேண்டுமாம். மற்ற டீச்சர்களெல்லாம் சனிக்கிழமையானால் தங்கள் வீட்டுக்குப் போகிறார்கள். போர்டிங்கில் வளர்ந்த எனக்கு எந்த வீடு? வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மதியம் வரை காக்காயைப் பார்க்கிறேன்.

அக்டோபர் 9 இரண்டாம் சனிக்கிழமை. ஆறு மணி மதுரை பஸ்ஸில் கீழக்குயில்குடி போவோம். புளிச்சோறு நான் கட்டுகிறேன், துவையல் நீ கொண்டுவா. வந்துவிடு தங்கம். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

உன்
தேவகிருபை


ராஜபாளையம்,
5-10-1937

பிரியமான கிருபைக்கு,

உன் கடிதம் வந்த அன்று வீட்டில் பஞ்சு மூட்டை இறங்கியது. பன்னிரண்டு பேருக்குச் சோறு. ராத்திரிதான் பிரித்துப் படித்தேன். அந்தப் பட்டியலை இன்னுமா வைத்திருக்கிறாய்? என் கையெழுத்து அப்போது எவ்வளவு நன்றாக இருந்தது, இப்போது பார், கோழி கிண்டின மாதிரி.

9ஆம் தேதி வர முடியாது. அத்தைக்குக் காய்ச்சல், அவர்களைப் புரட்டிப் படுக்க வைக்க நான்தான் வேண்டும். அடுத்த மாதம் பார்க்கலாம். வேதமணியை வருகிற ஜூனில் உன் பள்ளிக்கூடத்தில்தான் சேர்க்கப் போகிறோம். அப்போது எப்படியும் வருவேன், உன் காக்காய்களையும் பார்த்துக்கொள்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. நீயாவது சனிக்கிழமை உட்கார்ந்திருக்கிறாய்.

உன்
தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
14-11-1937

அன்புத் தங்கம்,

அத்தைக்குக் காய்ச்சல் விட்டதா? நவம்பருக்கு நீ விருந்தாள் வருகிறார்கள் என்று கார்டு போட்டுவிட்டாய். டிசம்பருக்கு என்ன காரணம் என்று இப்போதே யோசித்து வை.

நேற்று கீழக்குயில்குடிக்குப் போய்வந்தேன். ஆம், போய்விட்டேன். பரங்குன்றத்தில் இறங்கி மாட்டுவண்டி பிடித்தேன். மலையடியில் தாமரைக்குளம், அய்யனார் கோவில். மேலே ஏறினால் பாறையில் சமணர் வெட்டின உருவங்கள். பெரிய உருவம் ஒன்று, தோளைத் தொடுகிற காதோடு சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் அதைச் செட்டியார் என்கிறார்கள். நம் டிரெயினிங் பள்ளிக் கணக்கு வாத்தியார் ஜாடை. நீ இருந்திருந்தால் சிரித்துச் சிரித்துக் கால் வழுக்கியிருப்பாய்.

காற்று நன்றாக இருந்தது. புளிச்சோறு மிஞ்சிவிட்டது. பழக்கத்தில் இரண்டு பேருக்குக் கட்டிவிட்டேன்.

உன்
கிருபை


ராஜபாளையம்,
20-11-1937

கிருபைக்கு,

யாரோடு போனாய்?

துணையில்லாமல் வாசலைத் தாண்ட முடியாது என்று நீயே எழுதினாய். அப்படியானால் ஒருத்தி கிடைத்துவிட்டாள். நல்லது. புது டீச்சரா? அவளும் என்னைப் போல உளறுகிறவளா, இல்லை உனக்கேற்ற அடக்கமா? ஒருத்தியை விட்டு ஒருத்தி போகக்கூடாது என்று எழுதினாயே, அந்த மை காயும் முன்னே போய்விட்டாய். எனக்கு வயிறு எரிகிறது, ஒளிப்பானேன். வராதவளுக்கு இது என்ன பேச்சு என்று நீ கேட்கலாம். கேட்டுக்கொள்.

அவள் பெயரையாவது எழுது.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
9-1-1938

அன்பான தங்கத்துக்கு,

புது வருஷத்தில் உன் வீட்டில் எல்லாரையும் ஆண்டவர் காக்கட்டும். உன் கோபக் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீ எனக்காக வயிறெரிந்து எவ்வளவு நாளாகிறது.

என்னோடு வருகிறவளை எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். நல்லவள்தான், நேரத்துக்கு வருவதில்லை. உன்னை விட்டு நான் போகவில்லை தங்கம், இவ்வளவு நம்பு. மேலே கேட்காதே.

நேற்று முத்துப்பட்டி. பாறைக்கு அடியில் குகை மாதிரி ஒதுங்கின இடம். தரையில் படுக்கை வெட்டியிருக்கிறார்கள், தலைக்குத் தலையணையும் கல்லிலேயே. பஞ்சபாண்டவர் படுக்கை என்று ஊரில் பெயர். உள்ளபடி சமணச் சாமியார்கள் படுத்ததாம். ஒவ்வொன்றும் ஓர் ஆளுக்குத்தான். இரண்டு மட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் நான் படுத்தேன், மற்றதில் தூக்குச்சட்டியை வைத்தேன். வெயிலில் வந்த உடம்புக்குக் கல் குளிர்ச்சியாக இருந்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை. பஸ் போய்விடுமே என்றுதான் எழுந்தேன்.

உன்
கிருபை


ராஜபாளையம்,
14-2-1938

கிருபை,

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

முந்தாநாள் சனிக்கிழமை வேதமணி அப்பாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீலைப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்குப் பல்வலி, டாக்டரைப் பார்க்கிறேன் என்று நானும் தொற்றிக்கொண்டேன். பல் வலித்தது நிஜம். ஆனால் நான் வந்தது அந்தச் சிநேகிதியைப் பார்க்கத்தான். நீங்கள் இரண்டு பேரும் கிளம்பியிருந்தாலும், அவள் யார் என்றாவது கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

வாசலில் காவல்காரர் சம்சாரம் இருளம்மாள் இருந்தாள். நீ மதுரைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னாள். யார் கூட என்றேன்.

"தங்கபாய்னு ஒரு அம்மா. எப்பவும் அவிய கூடத்தான். டீச்சருக்கு அவிய மேல அம்புட்டுப் பிரியம். பஸ்ல சேந்துக்கிடுவாகளாம். நான் ஒரு நாக்கூட கண்ணால கண்டதில்ல."

நோட்டைக் காட்டினாள். வேப்பமரத்தடி பெஞ்சியில் உட்கார்ந்து வாசித்தேன். கீழக்குயில்குடி, தங்கபாய். தென்பரங்குன்றம், தங்கபாய். முத்துப்பட்டி, தங்கபாய். ஆனைமலை, தங்கபாய். அன்றைக்கு நாம் சேர்ந்து பார்த்ததும் பார்க்காததுமாக எவ்வளவு இடம் போயிருக்கிறேன் நான். பதினோரு வருஷத்தில் உன் நோட்டில் தவிர நான் வேறெங்கும் போகவில்லை கிருபை. என் மேலேயே எனக்கு மூன்று மாதம் வயிறு எரிந்திருக்கிறது.

அதற்குள் ஏசம்மாள் அம்மா வந்து, நீங்கள் யார் என்று கேட்டார்கள். நோட்டு என் மடியில் திறந்து கிடக்கிறது. என் பெயரைச் சொன்னால் உன் வேலை போகும். அழகுத்தாய், சோழபுரம், பிள்ளையைச் சேர்க்க விசாரிக்க வந்தேன் என்றேன். அவர்கள் உட்கார வைத்து, மோர் கொடுத்து, விவரமெல்லாம் சொன்னார்கள். என் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். இனி அந்த வாசலுக்குத் தங்கபாயாக நான் வர முடியாது. வேதமணியையும் அங்கே சேர்க்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல், விருந்தாள் எல்லாம் பாதிதான் நிஜம். உன்னோடு போய்வரட்டுமா என்று வீட்டில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டு, கூடாது என்று சொல்லிவிட்டால் அப்புறம் எனக்கு என்ன இருக்கிறது? கேட்காத வரைக்கும் என்றைக்காவது போகலாம் என்று இருந்தது.

நீ நிறுத்தாதே. என் பெயரையே எழுது. போய்வந்து, நான் என்ன பார்த்தேன் என்று மட்டும் எனக்கு எழுதிவிடு.

தங்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
2-3-1938

என் தங்கமே,

கிழிக்கவில்லை. பட்டியலோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

இரண்டு வாரம் யோசித்தேன். நீ வந்த ஒரே நாளில் நான் ஊரில் இல்லை. உன்னோடு போனதாக எழுதிவிட்டு உன்னைத் தவறவிட்டேன். இதை நினைத்து நினைத்து என்னால் சாப்பிட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஏசம்மாள் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழகுத்தாய் யார் என்றும் சொன்னேன். என்னை மன்னித்துக்கொள், அதைச் சொல்லாவிட்டால் உனக்கு இந்த வாசல் திறக்காது.

அவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். பொய் எழுதின கையால் பிள்ளைகளுக்கு எப்படி எழுத்துப் போட்டுக் கொடுப்பாய் என்று கேட்டார்கள். வேலை போகவில்லை. ஒரு வருஷம் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. நாலு வரியையும் சிவப்பு மையால் நானே அடித்தேன். உன் பெயரை அடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

கிளம்பும்போது, வருஷம் முடிந்த பிறகாவது தனியாகப் போகலாமா என்று கேட்டேன். கூடாது என்றார்கள். கேட்டேன், கூடாது என்றார்கள், அவ்வளவுதான் தங்கம். மறுநாள் எப்போதும் போல மணி அடித்தது, நான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன்.

நீயும் ஒரு தடவை கேட்டுப் பார்.

அழகுத்தாயின் மகளைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள் ஏசம்மாள் அம்மா. அப்போதுதான் லேசாகச் சிரித்தார்கள். இனி எல்லாச் சனிக்கிழமையும் நான் வேப்பமரத்தடியில்தான் இருப்பேன்.

உன்
தேவகிருபை


ராஜபாளையம்,
10-4-1938

கிருபைக்கு,

கேட்டேன்.

ஒரு மாதம் பிடித்தது, வாயைத் திறக்க. வேதமணி அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மதுரைப் பக்கம் கிருபை சொன்ன இடம் ஒன்றைப் பார்த்துவிட்டு வரட்டுமா என்றேன். ரசத்தை ஊற்றச் சொல்லிவிட்டு, "போயிட்டு வாயேன். நான் எப்ப வேண்டாம்னேன்?" என்றார்கள்.

அவ்வளவுதான். அடுக்களைக்குள் போய் அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. பதினோரு வருஷத்தை யாரிடம் போய்க் கேட்பேன்? அவர்கள் மேல் கோபப்பட்டேன், பிறகு என் மேல், பிறகு உன் மேலும் கொஞ்சம். நான் கேட்கத் துணிந்த நேரத்தில் உன்னைக் கட்டிப்போட்டுவிட்டார்களே.

அத்தைக்குத் துணையாக நாத்தனார் ஒரு வாரம் வந்திருந்தாள். நேற்று வேதமணி அப்பா பஞ்சு விஷயமாக மதுரைக்குப் போகையில் என்னையும் பிள்ளையையும் முத்துப்பட்டிக்கு வண்டி ஏற்றிவிட்டார்கள். புளிச்சோறு கட்டினேன். மூன்று பேருக்குக் கட்டினேன்.

நீ எழுதினபடியே இருந்தது. வேதமணி பாறையெல்லாம் ஏறிக் குதித்துவிட்டு, இங்கே யாரம்மா படுத்திருந்தார்கள் என்று கேட்டாள். உன் கிருபை அத்தை என்றேன்.

வரும்போது பஸ் உன் ஊரில் செத்த நேரம் நின்றது. இருட்டப் போகிறது, இறங்க முடியவில்லை. உன் வேப்பமரம் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. சனிக்கிழமைதானே, அடியில் நீ உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூனில் வருகிறேன். இருளம்மாளிடம் சொல்லி வை. திருவேடகத்தை மட்டும் நான் பார்க்கமாட்டேன். உன் வருஷம் முடியட்டும், நோட்டில் என் பெயரை நானே எழுதுகிறேன்.

அந்த இரண்டு கல் படுக்கையில் எதில் நீ படுத்தாய், எதில் தூக்குச்சட்டியை வைத்தாய் என்று நீ எழுதவில்லை. அதனால் இரண்டிலும் படுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

உன்
தங்கபாய்