ஒரு லாரிக்கு இரண்டு பாஸ்

4 பிப்ரவரி, செவ்வாய்
எண்ணூர் ரோட்டில் இன்றும் லாரி வரிசை. கன்டெய்னர் யார்டுக்குள் நுழைய ஒவ்வொரு லாரிக்கும் பாஸ் வேண்டும். எங்கள் லாரி ஆபீஸ் சர்வர்தான் யார்டு சர்வரிடம் கேட்டு வாங்குகிறது. ஒவ்வொரு தடவையும் புது இணைப்பு போடுவதிலேயே பாதி நேரம் போகிறது. ஒருமுறை போட்ட லைனை வெட்டாமல் திறந்தே வைத்தேன். பதில் வராவிட்டால் தானாக மறுபடி கேட்கும்படியும் செய்தேன். பாஸ் பறக்கிறது. எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று.

7 பிப்ரவரி, வெள்ளி
ஒரு புகாரும் இல்லை. சந்தேகமாக இருக்கிறது.

10 பிப்ரவரி, திங்கள்
எங்கள் லாரி ஓட்டும் பஷீர் பாய் யார்டு கேட்டிலிருந்து போன் செய்தார். "இன்னா பாப்பா, ஒரே வண்டிக்கு ரெண்டு பாஸ் கீதாம். போலின்னு ஓரங்கட்டிட்டான். நான் இன்னா ரெண்டு லாரியா ஓட்டிகினு வரேன்?"

சிரிப்பு வந்தது, உடனே போய்விட்டது. யார்டு முதலிலேயே பாஸ் போட்டுவிட்டது. பதில் வரும் வழியில் லைன் அறுந்திருக்கிறது. என் சர்வர் மறுபடி கேட்டு இன்னொன்று வாங்கியிருக்கிறது. பாவம், சாயங்காலம்வரை வெயிலில் நின்றார்.

இன்னொரு தடவை நடந்தால் பழையபடி கையால் எழுதும் டோக்கன்தான் என்று முதலாளி கத்தினார். அப்புறம் எனக்கு அங்கே என்ன வேலை? வெயிலில் நின்ற பாய்தான் குறுக்கே வந்தார். "பாப்பாவ இன்னாத்துக்கு சார் கத்துறீங்க? வேணும்னா செஞ்சிச்சு?"

ஞாயிறு அவர் மகளுக்கு நிச்சயம். அன்று காலையும் அவருக்கு லோடு. மறுபடி இப்படி நின்றுவிட்டால் —

11 பிப்ரவரி, செவ்வாய்
மறுபடி கேட்பதை எடுத்துவிடலாமா? எடுத்தால் லைன் அறுந்தபோதெல்லாம் பாஸே வராது. ஐயோ, இன்னா பண்றது நான்?

13 பிப்ரவரி, வியாழன்
யார்டு பக்கத்து புரோகிராமர் கார்குழலி. முன்பின் பழக்கமில்லை. தயங்கித்தான் பேசினேன்.

"இதுக்கா ஜூடி இவ்ளோ பயந்துகினு கீறே? ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு நம்பர் போட்டு அனுப்பு, மறுபடி கேக்கும்போதும் அதே நம்பர். அதே நம்பர் திரும்ப வந்தா, புதுசு போடாம பழைய பாஸையே தரேன்."

தன் பக்கத்து மாற்றத்தை நாளைக்கே செய்துவிடுகிறாளாம். அவளுக்கு இதில் என்ன லாபம்? நல்லா இருக்கணும் அவள். கொஞ்ச நேரம் சும்மா கிடந்தால் யார்டு லைனை வெட்டிவிடுமாம்; அதற்கு முன் நானே மூடும்படி வைத்தேன். மறுபடி கேட்பதற்கும் ஓர் அளவு, இடையில் கொஞ்சம் பொறுமை.

16 பிப்ரவரி, ஞாயிறு
சர்ச்சில் பூசையில் மனம் நிற்கவில்லை. வெளியே வந்ததும் போனில் பார்த்தேன். பாயின் லாரிக்கு லைன் இரண்டு முறை அறுந்திருக்கிறது. சர்வர் மூன்று முறை கேட்டிருக்கிறது. பாஸ் ஒன்றே ஒன்று. கோயில் வாசலிலேயே அழுதுவிட்டேன். கார்குழலியைக் கூப்பிட்டேன். "இன்னாடி, இதுக்குப் போய் அழுவுறே?" என்று அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

17 பிப்ரவரி, திங்கள்
பாய் காலடிப்பேட்டையிலிருந்து நிச்சயதார்த்த பிரியாணி கொண்டுவந்தார். இரண்டு டப்பா. ஒன்று கார்குழலிக்கா என்று கேட்டேன்.

"அதுக்கு அப்பவே குடுத்துட்டேன். ரெண்டும் உனுக்குதான் பாப்பா. இத எவனும் ஓரங்கட்ட மாட்டான்."

இரண்டையும் நான் ஒருத்தியே சாப்பிட்டேன்.