வாத்தியார் கொண்டுவந்த ஷூ

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். இன்றைக்கு மனசு வரவில்லை.

போன வியாழக்கிழமை பள்ளிக்கூட வாத்தியார் ஒரு ஜோடி ஷூவோடு வந்தார். உன் ஊருக்குப் போனபோது பெரிய கடையில் வாங்கினாராம். அடியில் நம் முத்திரையைப் பார்த்ததும் பேரம்கூடப் பேசாமல் எடுத்தாராம். இரண்டே மாதத்தில் வாயைப் பிளந்துவிட்டது. அவர் போனதும் பிரித்துப் பார்த்தேன். தோல் இருக்க வேண்டிய இடத்தில் அட்டை, மழையில் ஊறிக் கூழாகிக் கிடந்தது.

தாத்தா காலத்திலிருந்து நாம் தைக்கும் ஷூவில் குத்துகிற முத்திரைடா அது. நீ கிளம்பிய அன்று, "அப்பா ஞாபகமா வச்சுக்கிறேன்க்கா" என்று கண்ணைக் கசக்கினாய். நானும் உருகிப்போய், அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுத்தேன். தொலைந்துவிட்டது என்று அவரிடம் புளுகினேன். நாலு வருஷமாக மேசைக்கு அடியில் தடவித் தேடுகிறார் மனுஷன். நீயோ அதை அட்டை ஷூவில் குத்தி விற்கிறாய். என்னைப் போல ஏமாளி உண்டா?

இன்னும் கேள். அப்பா வந்து என் கையிலிருந்து ஷூவை வாங்கினார். வாத்தியாருடையது என்று மட்டும் சொன்னேன். கண் தெரியாவிட்டால் என்ன, கட்டைவிரல் முத்திரையைக் கண்டுபிடித்துவிட்டது. அடுத்து அட்டையைத் தொட்டார். முத்திரை தொலைவதற்கு முன்னால் தன் கையால் செய்தது என்றே நினைத்துவிட்டார்.

"நான்தாம்மா ஏதோ புத்தி கெட்டுப்போய் இப்படிச் செஞ்சிருக்கேன்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் வண்டவாளமும் சேர்ந்து வெளியே வருமே.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். திரும்பி வந்த ஜோடிக்குப் பதிலாக, செய்தவரே புது ஜோடி செய்து தர வேண்டும். வேறு யாரும் ஊசியைத் தொடக் கூடாது. ஐந்து நாளாக அப்பா தடவித் தடவித் தைக்கிறார். விரலெல்லாம் காயம். நூலாவது கோத்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். தப்பு செஞ்சவன் நானில்லையா என்கிறார்.

முடிந்ததும் வாத்தியார் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்கப் போகிறாராம். எந்தக் கடையில் வாங்கினார் என்று வாத்தியார் அப்போது சொல்லாமலா இருப்பார்? ஊரார் வாயிலிருந்தா அப்பா இதைக் கேட்க வேண்டும்?

இடது கால் முடிந்துவிட்டது. வலது காலுக்கு ஒரு வாரம் ஆகும். அதற்குள் வந்துவிடு. முத்திரையைத் தபாலில் போட்டுவிட்டுத் தப்பிக்கப் பார்க்காதே. அவர் எதிரில் உட்கார்ந்து நீயே சொல். கொடுத்தவள் நான், பக்கத்தில் நிற்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் வேண்டுகிறேன். வரும்போது வாசலில் நின்று கூப்பிடாதே, நேராக உள்ளே போய் முதலில் அவர் விரல்களைப் பார்.

இன்னும் உனக்கு,
அக்காதான்.