எக்ஸ்ப்ளோரரில் மட்டும் எல்லாரும் கரையில்

7 ஜூலை 2010

விடியும்போதே சாரல். பூதப்பாண்டி பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை, சட்டை முழுக்க ஈரம். கடற்கரையில் மீனவர் சங்க ஆபீஸ். போன வாரம் நான் செய்துகொடுத்த வெப்சைட். எந்தப் படகு கடலில், எது கரையில் என்று அங்குள்ள ஸ்டெல்லா பதிவுசெய்வாள். அதை எக்செல்லாக இறக்கி பிரிண்ட் எடுப்பாள்.

திங்களன்று போன சேவியர் படகு நேற்றே வந்திருக்க வேண்டும். வரவில்லை. கூட இரண்டு பேர். தேடப் போகிறவர்கள் பட்டியல் கேட்கிறார்கள்.

மூன்று பிரவுசரிலும் எக்செல்லை இறக்கிப் பார்த்தது:
என் லேப்டாப், பயர்பாக்ஸ்: சேவியர் கடலில். சரி.
குரோம்: கடலில். சரி.
ஆபீஸ் கம்ப்யூட்டர், எக்ஸ்ப்ளோரர்: எல்லாப் படகும் கரையில். சேவியரும்.

சரியான பட்டியலைப் பென்டிரைவில் போட்டு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாயிற்று. நாளைக்கு நான் இல்லாவிட்டால் தப்பானதுதான் போகும். சரிசெய்தே ஆக வேண்டும்.

8 ஜூலை

சேவியரின் மனைவி புஷ்பம் வந்திருந்தார். நேற்று எக்ஸ்ப்ளோரர் காட்டியதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"கரையிலன்னு போட்டிருக்குல்லா மக்கா? சரிதான். ராத்திரி வாசல்ல அவிய இருமல் கேட்டுது. கதவத் தொறந்தா ஆளில்ல. ஈர மணலு மட்டும் கெடக்கு."

அது தப்புக்கா என்றேன். கேட்டுக்கொள்ளவில்லை. திரையில் சேவியர் பெயரை விரலால் தடவினார்.

ஃபைல் பெயரை மாற்றினேன். இல்லை. ஃபார்மட்டை மாற்றினேன். இல்லை. சும்மா ஒரு படகைப் புதிதாகச் சேர்த்தேன். எக்ஸ்ப்ளோரரில் அது வரவே இல்லை.

ஸ்டெல்லாதான் சொன்னாள்: "சார், எல்லாம் கரையில கெடந்தா அது ஞாயித்துக்கெழமையாக்கும். அண்ணு இங்க ஒருத்தரும் கடலுக்குப் போவ மாட்டாவ. பூசை முடிஞ்சு வந்து நான் இதுல எறக்கிப் பாத்தேன்லா?"

வயல்காட்டுக்காரனுக்கு இது எங்கே தெரியும்! எக்ஸ்ப்ளோரர் சர்வரிடம் கேட்கவே இல்லை. ஞாயிறு இறக்கிய ஃபைலை உள்ளே வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பத் தருகிறது. ஷீட்டில் தேதி போடாதது என் மடத்தனம்.

லிங்க்கின் கடைசியில் நேரத்தைச் சேர்த்தேன், இனி ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் புதிதாகக் கேட்கும். பழைய ஃபைல்களை அழித்தேன். எக்ஸ்ப்ளோரரும் சொல்லிவிட்டது: சேவியர், கடலில்.

புரோகிராமில் ஒரு பக் பிடிபட்டால் சந்தோஷமாக இருக்கும். இன்று இல்லை.

9 ஜூலை

மழை. குடை வாங்க வேண்டும். அம்மாவுக்குக் கண் மருந்து.

தேடப் போனவர்கள் ஒரு மண்ணெண்ணெய் கேனோடு வந்தார்கள். சேவியர் என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது. வேறொன்றும் கிடைக்கவில்லை.

ஆபீஸ் வாசலில் புஷ்பம்.

"நேத்து ராத்திரி இருமல் கேக்கல. நீ என்ன மக்கா செய்தே?"

ஸ்டெல்லா கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

11 ஜூலை, ஞாயிறு

வெயில். கடல் கிடந்த கிடை, நடந்ததெல்லாம் அதற்குத் தெரியாதது மாதிரி. வேலை இல்லை, ஆனாலும் போனேன்.

பயர்பாக்ஸ், குரோம், எக்ஸ்ப்ளோரர். மூன்றும் ஒன்றுபோல. எல்லாப் படகும் கரையில், ஒன்று தவிர.

பூசை முடிந்து புஷ்பம் நேராக இங்கே வந்தார். தலையில் முக்காடு.

"இண்ணைக்கு ஞாயிறுல்லா மக்கா? ஞாயித்துக்கெழம ஒரு படகும் கடல்ல கெடக்காது. நல்லாப் பாரு."

எக்ஸ்ப்ளோரரில் திரும்ப அழுத்தினேன். ஃபைல் திறக்க நேரமெடுத்தது. வாசலில் யாரோ இருமினார்கள். புஷ்பம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான்தான் திரும்பினேன்.