முகப்பில் யார் பை

ஜூலை 8, செவ்வாய்

விடாத மழை. சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். தாராவியிலிருந்து செம்பூர் வரை பஸ்ஸில் நின்றபடி. ஆபீஸுக்கு அரை மணி லேட்.

பட்டறைச் சங்கத்து வெப்சைட் நேற்று ஏறிவிட்டது. எங்கள் சந்தில் தோல் பட்டறை ஒன்பது, என் வீட்டுக்காரருடையதும் சேர்த்து. முகப்பில் யார் சரக்கு முதலில் என்று ஒரு மாதச் சண்டை. கடைசியில் நான்தான் வழி சொன்னேன்: யாரும் முதல் இல்லை. பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒன்பதில் ஏதோ ஒன்று, பட்டறைக்காரர் போட்டோவோடு தானாக வரும். குலுக்கல் மாதிரி. எல்லோரும் தலையாட்டினார்கள். மற்ற பக்கங்கள் இன்னும் தயாரில்லை, முகப்பு ஒன்றுதான். ஆபீஸில் தினமும் பிறத்தியார் வெப்சைட்டில் படம் ஏற்றுகிறவள் நான். நம் சந்துக்கு ஒன்று செய்ததில் பெருமைதான்.

வெள்ளி மதியம், சரக்கு வாங்குகிற துபாய் பார்ட்டி முகப்பைத் திறந்து பார்ப்பார்களாம். பிடித்த இரண்டு பட்டறைக்கு மட்டும் சனிக்கிழமை நேரில் வருவார்களாம்.

வாங்க: துவரம்பருப்பு, இவருக்கு இருமல் மருந்து. குடை ரிப்பேர்.

ஜூலை 9, புதன்

குழாயடியில் சரசக்கா பிடித்துக்கொண்டாள். பெல்ட் பட்டறை அவளுடையது. அவள் பேசினால் சந்து முழுக்கக் கேட்கும்.

"எப்பத் தொறந்தாலும் ஒன் வீட்டுக்காரன் மூஞ்சிதான் வருது. மத்த எட்டு பேரும் செத்தா போயிட்டோம்?"

"இல்லக்கா, மாறி மாறித்தான் வரும்."

"யாருக்கு மாறுது? செட்டிங் பண்ணிட்டு எங்கிட்டயே கத வுடுதியா?"

என் போனில் காட்டினேன். மாறியது. அவள் போனில் இவர், கறுப்பு லேப்டாப் பையோடு சிரிப்பு. பத்துத் தடவை அமுக்கியும் இவரே. எனக்கு வேர்த்துவிட்டது.

டிபன் நேரத்தில் கண்டுபிடித்தேன். தப்பு என்னுடையதுதான். பக்கம் சீக்கிரம் திறக்கட்டும் என்று கேஷ் (cache) என்கிற வசதியைப் போட்டிருந்தேன். அது காலையில் முதலில் வந்த பக்கத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, நாள் முழுக்க எல்லோருக்கும் அதையே நீட்டுகிறது. நான் அட்மினாக உள்ளே நுழைந்து பார்ப்பதால் எனக்கு மட்டும் மாறுகிறது. லாக்அவுட் பண்ணிவிட்டுப் பார் என்று ஆபீஸில் எல்லோருக்கும் பாடம் எடுக்கிறவள் நான். மடச்சி. முகப்புக்கு மட்டும் கேஷை நிறுத்தினேன்.

ஜூலை 10, வியாழன்

மழை விட்டது. ஒரே புழுக்கம்.

சங்கத் தலைவர் செய்யது அண்ணன் வந்தார். வாசலில் நின்றே பேசினார். எப்போதும் உள்ளே வந்து டீ குடிக்கிற ஆள், அதுவே உறுத்தியது. கேஷ் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தன் போனில் திறந்தார். இவர். மறுபடி. ஒரு பர்ஸ். மறுபடி. இவர்.

குலுக்கல் என்றால் அப்படியும் விழும். தாயக்கட்டையில் அடுத்தடுத்துத் தாயம் விழுவதில்லையா? சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

"நீ தப்பு செஞ்சேன்னு நான் சொல்ல மாட்டேன் தங்கச்சி. ஆனா நாளைக்கு அவுக பாக்கும்போதும் இதே வந்துச்சுன்னா, ஆளுக வாய என்னால அடைக்க முடியாது. பாத்துக்கோ."

பாத்துக்கோ. அந்த வார்த்தை பஸ் முழுக்கக் கூடவே வந்தது.

ஆபீஸ் போனதும் வெப்சைட்டில் இவர் பட்டறைப் பெயருக்கு எதிரே, வெளியிடுவதற்கான டிக்கை எடுத்துவிட்டேன். ஒன்பது எட்டாயிற்று. யாருக்கும் தெரியாது. ஆத்திரம் பாதி, பயம் பாதி. நாளைக் காலை திரும்பப் போட்டுவிடலாம்.

ஜூலை 11, வெள்ளி

9.40. லாகின். டிக் மேல் கை. சரசக்கா குரல் காதில். டிக் போடாமலே மூடிவிட்டேன்.

12.00. மறுபடி லாகின். மறுபடி மூடினேன்.

பார்ட்டி இரண்டு மணிக்குப் பார்த்திருக்கிறார்கள். நாலு மணிக்கு செய்யது அண்ணன் மெசேஜ்: அவர்களுக்குப் பிடித்தது பெல்ட் பட்டறை, பர்ஸ் பட்டறை. கோழை நான். வேறு பெயர் கிடையாது.

சாயங்காலம் சங்கக் கூட்டம். கதவோரம் நின்றேன். என் சரக்கு வரவே இல்லை, எல்லாம் செட்டிங் என்று பின்னால் இருந்து ஒருவர் ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் எழுந்தார். கூட்டத்தில் வாயே திறக்காத ஆள்.

"காலையில இருந்து நாப்பது தடவ தொறந்து பாத்துட்டேன். எனக்கு ஒரு தடவகூட வரல. செட்டிங்னா எனக்குத்தான மொதல்ல வந்திருக்கணும்? இவ நேர்மைக்கு வேற என்ன சாட்சி வேணும் ஒங்களுக்கு?"

 சரசக்கா என் தோளைத் தொட்டாள். "மனசுல வச்சுக்காதட்டி."

அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

வீடு. நாளைக்கு என்று இவர் இஸ்திரி போட்டு வைத்த சட்டை கொடியில். குழம்பைச் சூடு பண்ணினேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் போனை நீட்டினார்.

"நாப்பதுல ஒண்ணுகூடவா வராது? எனக்குக் கைராசி இல்ல. நீ ஒருக்கா அமுக்கு, பேச்சி."

அமுக்கினேன். பெல்ட் வந்தது.

"இன்னொருக்கா" என்றார்.