ஆட்டோவுக்குக் கொடுத்த பத்து ரூபாய்

அக்கா,

இன்று காலை டாலிகஞ்ச் சந்தையில் கொத்தமல்லி வாங்கினேன். மீதியாக வந்த பத்து ரூபாய் நோட்டில் மீன் வாடை. வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளையாக விட்டிருக்கும் இடத்தில் நீல மையில் தமிழ் எழுத்து. நோட்டு நழுவிக் கீழே விழுந்தது. "கீ ஹோலோ, தீதி?" என்ன ஆச்சு என்று கேட்டபடி கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அங்கேயே படிக்கத் தைரியம் வரவில்லை.

நோட்டில் கிறுக்குவது உன்னுடைய கெட்ட பழக்கம். மளிகைச் சாமான், பஸ்ஸில் தோன்றிய கேலி எல்லாம் அதில்தான். வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நோட்டுல எழுதாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்பேன். "இந்த ஊர்ல இதைப் படிக்க உன்னை விட்டா யாருடி இருக்கா? உனக்குத்தான் லெட்டர், ஸ்டாம்ப் செலவு மிச்சம்" என்று சிரிப்பாய். ஹவுரா ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்பா நம் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழ். நம் பிள்ளைகளுக்குப் படிக்க வருவது பெங்காலிதான்.

இன்னொரு பழக்கமும் உனக்கு உண்டு. பெஹாலாவில் உன் வீட்டிலிருந்து நான் கிளம்பும்போதெல்லாம் கையில் பத்து ரூபாயைத் திணிப்பாய். "ஆட்டோவுக்கு வச்சுக்கோ." எனக்கு ஐம்பது வயதான பிறகும் நீ விடவில்லை.

ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாய் போட்டபின் உன்னால் பேச முடியவில்லை. பார்வை நேரம் முடிந்து நான் எழுந்தபோது, ஆயாவுக்காகத் தலையணைக்கடியில் வைத்திருந்த நோட்டுகளில் ஒன்றை என் கையில் வைத்து விரல்களை மூடினாய். இந்த நிலைமையிலும் ஆட்டோ காசா என்று எனக்கு அழுகை வந்தது. வெளியே ஆட்டோக்காரர் "குச்ரோ தின், தீதி" என்று சில்லறைக்கு அவசரப்படுத்தினார். மடித்த நோட்டைப் பிரிக்காமலே கொடுத்துவிட்டேன்.

மறுநாள் நீ எழுதுவதுபோல் விரலை அசைத்துக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாய். படிச்சியா? நீ கொடுத்த நோட்டில் ஏதோ எழுதியிருந்தாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் முழிப்பதைப் பார்த்து, என் உள்ளங்கையை இழுத்து அதில் விரலால் எழுதத் தொடங்கினாய். ஓர் எழுத்துக்கே களைத்துப் போனாய். பார்க்கச் சகிக்காமல், படித்துவிட்டேன் என்று அவசரமாகத் தலையாட்டினேன். விரலை எடுத்துவிட்டாய். உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அடுத்த நாள் காலையில் நீ இல்லை.

மன்னிப்பா, மனக்குறையா, பீரோ சாவி இருக்கும் இடமா? தெரியவில்லை. அன்றிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டில் நின்று பத்து ரூபாய் நோட்டுகளாகக் கேட்டு வாங்குகிறேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்கிறார்கள். இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த நோட்டை விரித்தேன். "படிக்கவில்லை அக்கா. என்ன எழுதினாய்?" என் கையெழுத்து. போன மழைக்காலத்தில் நானே எழுதி ஆட்டோவில் கொடுத்தது. ஆமாம், உன்னைத் திட்டிய நானேதான். அதற்குக் கீழே பென்சிலில், பெங்காலியில் யாரோ கேட்டிருக்கிறார்கள்: "இதில் என்ன எழுதியிருக்கிறது?"

அந்த நோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் உள்ளங்கையில் நீ எழுதிய முதல் எழுத்து ‘நீ’. அதற்கு மேல் எழுத விடாமல் தலையாட்டியவள் நான்தான், அக்கா.